குமரேசனின் வலது காதுப் படம்

காது வலி என்று வருகிற குழந்தையின் காதுக்குள் பேனா அளவுக்கு ஒரு கேமராவை வைத்து, செவிப்பறையைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் திரையில் காட்டுகிறார்கள் இப்போது. போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்க கிளினிக்குக்குப் போனபோது நானே பார்த்தேன். நாலு வயதுப் பெண் குழந்தை, அப்பா மடியில் உட்கார்ந்திருந்தாள். பின்னாத தலைமுடி முகமெல்லாம் விழுந்து கிடந்தது. அன்று பணியில் இருந்த உதவி மருத்துவ அதிகாரி தர்ஷினி, முடியை ஒதுக்கி ஒரு கிளிப்பைச் செருகிவிட்டு கேமராவை வைத்தாள். திரையில் செவிப்பறை செக்கச்செவேலென்று உப்பிக்கொண்டு நின்றது. பக்கத்தில் இருந்த கணினி அந்தப் படத்தைப் பார்த்து, நடுக்காதில் சீழ் இருக்கலாம் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டது. மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தர்ஷினி என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, ஒங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க?" என்றாள்.

"எங்களுக்கு அப்ப கண்ணு நல்லா தெரிஞ்சுச்சுலா," என்றேன்.

சிரித்தாளே தவிர விடவில்லை. எழுதித் தாருங்கள், எங்கள் கிளினிக் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன் என்று மூன்று முறை செய்தி அனுப்பிவிட்டாள். சரி, எழுதுகிறேன். புதுக் கருவியைக் குறை சொல்லி, எங்கள் காலம் போல வருமா என்று மூக்கைச் சிந்துவேன் என்று யாராவது எதிர்பார்த்தால் ஏமாந்துதான் போவீர்கள். அந்தக் கேமரா அன்று எனக்குக் கிடைத்திருந்தால் அதை மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டிருப்பேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

நான் முப்பத்து நான்கு வருடம் எக்ஸ்ரே எடுத்தவள். இந்த மலையில் வெள்ளைச் சட்டை போட்ட பெண் யாராக இருந்தாலும் சனங்களுக்கு மிஸ்ஸிதான். நான் எக்ஸ்ரே மிஸ்ஸி. பிறந்தது தாப்பாவில், அப்பா தோட்ட ஆபீஸில் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. கோலாலம்பூரில் மூன்று வருடம் படித்தேன். அதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தேன், ஹாஸ்டல் சோற்றைத் திட்டினேன், பாஸ் செய்தேன். மலை மேல் ஆஸ்பத்திரியில் வேலை என்று கடிதம் வந்ததும் அம்மா இரண்டு கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு அழுதார். இரண்டு வருடத்தில் மாற்றல் கேட்டுக் கீழே இறங்கிவிடலாம் என்று ஏறி வந்தவள், ஓய்வு பெறும்வரை இறங்கவில்லை. இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

எங்கள் எக்ஸ்ரே பிரிவின் தலைவர் என்சிக் ரசாலி. கிளந்தான்காரர், என்சிக் என்றால் மலாயில் ஐயா. ஒல்லி, நரை மீசை, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. அவருக்குத் தமிழில் நாலே நாலு வார்த்தைதான் தெரியும்: அசையாதே, மூச்சு பிடி, விடு, முடிஞ்சுது. அந்த நாலையும் வைத்துக்கொண்டு இந்த மலையில் இருக்கும் தமிழர் பாதிப் பேரின் நெஞ்சைப் படம் பிடித்திருக்கிறார். கோபம் வந்தால் கத்த மாட்டார், குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

ஒரு படத்தை அவர் பார்க்கும் விதமே தனி. முதலில் கட்டை விரலால் நோயாளியின் பெயரை மறைத்துக்கொள்வார். "ஆள் யார்னு தெரிஞ்சா கண்ணு இரக்கப்படும். இரக்கப்படுற கண்ணுக்குப் படம் தெரியாது," என்று மலாயில் சொல்வார். பிறகு கோப்பி ஓ, பால் போடாத காப்பி, ஒரு வாய். பிறகுதான் பேச்சு. அதோடு அவருக்கு இன்னொரு சட்டம் இருந்தது. அப்போதெல்லாம் படத்தை இருட்டறையில் மருந்தில் கழுவி எடுப்போம். அவசரத்துக்கு ஈரமாகவே டாக்டரிடம் காட்டிவிடலாம், தப்பில்லை. ஆனால் மறுநாள் காலை அது காய்ந்த பிறகு எடுத்தவரே மறுபடி பார்க்க வேண்டும். பார்த்ததற்கு அடையாளமாக உறையின் மூலையில் கையெழுத்துப் போட வேண்டும். நூறு படம் இருந்தாலும் நூறு கையெழுத்து. நான் முதல் வருடம் இதை வெட்டி வேலை என்று நினைத்தேன்.

குளிர் எங்களுக்கு இன்னொரு வேலை வைத்தது. கழுவும் மருந்து இருபது டிகிரியில் இருக்க வேண்டும். இங்கே காலையில் பதினைந்து, பதினாறுதான் இருக்கும். மருந்து குளிர்ந்துவிட்டால் படம் கறுக்காமல் வெளிறிப் போகும், எலும்பெல்லாம் மூடுபனிக்குள் இருப்பது போலத் தெரியும். கீழே பட்டணத்திலிருந்து புதிதாக வருகிற டாக்டர்கள் அந்த வெளிறலைப் பார்த்து நோய் என்று பயந்து போவார்கள். அதனால் காலை ஏழு மணிக்கு என் முதல் வேலை, மருந்துத் தொட்டியைச் சுற்றியுள்ள வெளித்தொட்டியில் கெட்டில் கெட்டிலாகச் சுடுதண்ணீர் ஊற்றுவது. எக்ஸ்ரே பிரிவா, டீக்கடையா என்று துப்புரவு வேலை பார்த்த அக்காக்கள் கேலி செய்வார்கள்.

இப்போது காதுக்கு வருகிறேன். எக்ஸ்ரேயில் செவிப்பறை தெரியாது. நாங்கள் பார்த்தது காதுக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பை. தொட்டுப் பாருங்கள், உருண்டையாக இருக்கும். அந்த எலும்பு கெட்டியானதல்ல, உள்ளே சின்னச் சின்னக் காற்றறைகள். புத்தகத்தில் தேன்கூடு என்று போட்டிருக்கும். எனக்கு அது ஆப்பம். நல்ல ஆப்பத்தில் எப்படி ஓட்டை ஓட்டையாக இருக்குமோ அப்படி, படத்தில் கறுப்புக் கறுப்பாகத் தெரியும். நடுக்காதில் பிடித்த சீழ் பின்னால் கசிந்து அந்த அறைகளுக்குள் இறங்கிவிட்டால் கறுப்பு மறைந்து வெள்ளையாக மூடிவிடும். அங்கிருந்து மூளை எட்டும் தூரம். குழந்தைக்குக் காது வலி என்றால் பத்தில் ஒன்பது தானாகவே ஆறிவிடும். அந்தப் பத்தாவதைத் தப்பவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்தப் படம்.

எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. குழந்தையைத் துண்டில் இறுக்கச் சுற்ற வேண்டும். தலையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, காது மடலை முன்பக்கம் மடக்கி பிளாஸ்டர் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் மடலின் நிழல் எலும்பின் மேல் விழும். எக்ஸ்ரே குழாயை இருபத்தைந்து டிகிரி சாய்க்க வேண்டும். ஒரு பக்கம் வலித்தாலும் இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. எல்லாவற்றுக்கும் முன்னால் தலைமுடியை அவிழ்க்க வேண்டும். எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய முடி, படத்தில் வெள்ளை நிழலாக விழும். ஆப்பத்தின் மேல் விழுந்தால் சீழா முடியா என்று தெரியாது. "பின்னல் அவிழாமல் படம் இல்லை" என்று என்சிக் ரசாலி மூன்று மொழியில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார். அதில் தமிழை எழுதிக் கொடுத்தவளே நான்தான்.

நான் வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அப்போது நான் கெட்டிக்காரி. குழந்தையை அசையாமல் படுக்கவைப்பதில் என்னை அடிக்க ஆளில்லை. கீழே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியிலிருந்துகூட என் படங்களைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் பாக்கியம் தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். என்சிக் ரசாலி தொழுகைக்குப் போயிருந்தார். பாக்கியம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறவள். புருஷன் திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர். பையன் குமரேசனுக்கு ஆறு வயது. கம்பளிக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, அம்மா தோளில் கன்னத்தை வைத்திருந்தான். ஒரு வாரமாக வலது காதில் வலி. தோட்டத்து கிளினிக்கில் மருந்து கொடுத்துக் காய்ச்சல் இறங்கியிருந்தது, வலி மட்டும் போகவில்லை. பாக்கியம் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றியிருந்தாள். எண்ணெயும் குறும்பியும் சேர்ந்து அடைத்துக்கொண்டதால் டாக்டர் ஹோவுக்கு உள்ளே எதுவும் தெரியவில்லை. சின்ன வயது டாக்டர், வந்து நாலு மாதம். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி என்னிடம் அனுப்பியிருந்தார்.

குல்லாவைக் கழற்றினேன். பொம்பளைப் பிள்ளை தோற்றுப்போகும் முடி. முழுவதையும் இழுத்து வலது காதுக்குப் பின்னால் ஒரு கொண்டையாகச் சுருட்டி, மஞ்சள் கயிற்றால் இறுக்கி முடிந்திருந்தது. அவிழ்க்கக் கை வைத்தேன். பாக்கியம் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அவுக்கக் கூடாது மிஸ்ஸி. பிரிஞ்சாங் கோயில் பூசாரி கட்டுன முடிச்சு. தைப்பூசத்தன்னிக்கு முருகன் முன்னால அவர்தான் அவுக்கணும். வேண்டுதல்."

அந்த இடத்தில் என்சிக் ரசாலி இருந்திருந்தால், குரலைத் தாழ்த்தி, அவிழ்த்தால் படம், இல்லாவிட்டால் வீடு என்று சொல்லியிருப்பார். அவருக்கு வேண்டுதல் என்றால் என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும். என் தம்பிக்கும் அப்படி ஒரு முடி இருந்தது, அம்மா அதை யாரையும் தொடவிட மாட்டார். நம் சனத்தின் வேண்டுதலை நாமே மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள் என்று ஒரு பெருமை வேறு எனக்கு.

"சரி சரி, அவுக்கல. ஒதுக்கி வெச்சு எடுத்துக்கறேன்," என்றேன். பாக்கியத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும் மிஸ்ஸி," என்றாள்.

வலது பக்கத்தை முதலில் எடுத்தேன். படுக்கவைத்து மடலை மடக்கியதும் பையன் அலறிய அலறலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். முதல் படத்துக்கு அழாத பிள்ளை உண்டா? பாக்கியம் கதிரைத் தடுக்கும் ஈய அங்கி போட்டுக்கொண்டு அவன் தலையைப் பிடித்தாள். எடுத்தேன். இடது பக்கம் திருப்பிப் படுக்கவைத்தபோது விக்கிக்கொண்டே சும்மா கிடந்தான். பழகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

இருட்டறையில் இரண்டையும் ஒன்றாகவே கழுவினேன். இடது பக்கம் அருமையான ஆப்பம். வலது பக்கம் வெள்ளையாக மூடியிருந்தது. மருந்தின் குளிர் காரணமில்லை, அப்படியானால் இரண்டும் வெளிறியிருக்கும். டாக்டர் ஹோ ஈரப் படத்தை விளக்கில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இது முடியா?" என்று கேட்டார்.

"முடிதான் டாக்டர். முடிச்சு அங்கதான் இருக்கு," என்றேன். பதினோரு வருட அனுபவத்தோடு சொன்னேன். சின்னப் பிள்ளைக்குத் திரும்பவும் எக்ஸ்ரே கதிர் பாய்ச்ச வேண்டாம் என்றும் சொன்னேன். படிவத்தில் என் கையாலேயே எழுதினேன்: முடி முடிச்சின் நிழல், மறுபடி எடுக்கத் தேவையில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். காதுச் சொட்டு மருந்தும் மாத்திரையும் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டோம். பாக்கியம் போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை, வழக்கம்போல, காய்ந்த படங்களை உறையில் போட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். குமரேசனின் வலது காதுப் படம் கைக்கு வந்தது. விளக்கில் மாட்டினேன். அந்தப் பெயர் மேல் என் கட்டை விரல் தானாகப் போய் உட்கார்ந்தது.

முடியின் நிழல் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கயிறு கயிறாக, சாம்பல் நிறத்தில், எலும்பைத் தாண்டிக் கழுத்துப் பக்கம்வரை ஓடியது. முடிக்கு எலும்பின் எல்லை தெரியாதே! ஆனால் அந்த வெள்ளை மூட்டம் அப்படி ஓடவில்லை. எலும்பு எங்கே முடிகிறதோ சரியாக அங்கேயே நின்றது. பாத்திரத்துக்குள் ஊற்றிய மாவு பாத்திரத்துக்குள்ளேயே நிற்பது போல. அறைகளின் சுவர்கூட மங்கியிருந்தது. அதோடு அந்த அலறலும் காதில் வந்து விழுந்தது. வலது பக்கம் படுத்தபோது அலறினான். இடது பக்கம் படுத்தபோது அலறவில்லை. புது இடத்துக்குப் பயந்து அழுத அழுகை இல்லை அது. வலிக்கிற எலும்பை நான் படத்தகட்டின் மேல் வைத்து அழுத்தியிருக்கிறேன்.

படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என்சிக் ரசாலியின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், வேண்டுதலையும் சேர்த்து. அவர் பார்த்தார். கோப்பியைத் தொடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. படிவத்தில் நான் எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"அடிக்காதே," என்றார் மலாயில். குரல் தாழவில்லை, வழக்கமான குரல்தான். "நீ எழுதுனது அங்கேயே இருக்கட்டும். கீழே புதுசா எழுது. தேதி, நேரம், பேர். அழுவுறத அப்புறம் வெச்சுக்க, மொதல்ல பிள்ளையத் தேடு."

எழுதினேன். டாக்டர் ஹோ படத்தைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். நானும்தானே கையெழுத்துப் போட்டேன் என்று மட்டும் சொன்னார். ஈப்போவுக்குத் தொலைபேசியில் பேசி, கடிதமும் எழுதிக் கொடுத்தார். வார்டில் அவரை விட்டால் வேறு டாக்டர் இல்லை, அதனால் ஆஸ்பத்திரி வேனில் என்னை அனுப்பினார். தோட்ட ஆபீஸுக்குப் போன் போட்டதும் அங்கிருந்த கிராணி ஆள் அனுப்பி, பாக்கியத்தைத் தேயிலைச் சரிவிலிருந்து இறக்கி வீட்டுக்கு வரச் செய்திருந்தார். புருஷன் லோரியோடு போயிருந்தார், பிடிக்க முடியவில்லை.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குள் நுழைந்தபோது பாக்கியம் கொழுந்து வெட்டும் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். குமரேசன் குல்லாவோடு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தான். உடம்பு கொதித்தது. குல்லாவை எடுத்தேன். வலது மடல் இடதைவிட ஒரு விரல் அளவு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. நேற்றே அப்படி இருந்ததா? கொஞ்சமாவது இருந்திருக்கும். முடிச்சைப் பார்த்த நான் மடலைப் பார்க்கவில்லை.

"ஈப்போவுக்குப் போவணும் பாக்கியம். இப்பவே. வேன் நிக்குது."

"நேத்து ஒண்ணும் இல்லன்னுதான சொன்னீங்க?"

"இன்னும் நல்லாப் பாக்கணும். ஆப்பரேஷன்கூட இருக்கலாம்."

அவள் முகம் மாறிவிட்டது. "அங்க முடிய எடுத்துருவாங்களா?"

"காதுக்குப் பின்னால எடுத்துத்தான் ஆவணும்."

"அப்ப வேணாம் மிஸ்ஸி. பூசத்துக்கு இன்னும் பத்தொம்போது நாளுதான் இருக்கு. அதுவரைக்கும் மருந்து குடுங்க."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! "ஒனக்கு முடி பெருசா, புள்ள பெருசா? புத்தி இருக்கா ஒனக்கு?" என்று லயமே கேட்கும்படி கத்திவிட்டேன்.

அவள் கத்தவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான் மிஸ்ஸி," என்றாள். "இவனுக்கு முன்னால ரெண்டு பெத்தேன். ஒண்ணும் தங்கல. இவன் பொறந்து மூணாம் நாளு மூச்சு நின்னுபோச்சு. அப்ப வேண்டுனது இந்த முடி. முடி இருக்கப் போயித்தான் புள்ள இருக்கான். ஒங்களுக்கு அது தெரியும்னு நெனச்சேன். நேத்து நீங்கதான அவுக்காம எடுத்தீங்க? ஒரு மிஸ்ஸியாச்சும் நம்ம மனசு தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு ஊட்டுக்காரர்கிட்ட சொன்னேன்."

இதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? "அங்கதான் நான் தப்புப் பண்ணிட்டேன் பாக்கியம்," என்றேன். "அவுத்துட்டு எடுத்திருக்கணும். அவுக்காததால சீழ முடின்னு நெனச்சேன். முடின்னு என் கையால எழுதிக் குடுத்தேன். டாக்டரு என்னை நம்பி ஒங்கள வீட்டுக்கு அனுப்பிட்டாரு. இது ஒன் தப்பு இல்ல, முருகன் தப்பும் இல்ல. என் தப்பு. இன்னொரு நாளு விட்டா சீழு மூளைக்குப் போயிரும்."

அவள் என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு வந்து, முருகன் படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினாள். அலமாரியிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியில வெட்டுனா அது வெறும் முடி மிஸ்ஸி. நான் வெட்டுனா அது காணிக்கை," என்றாள். "புள்ளையப் புடிங்க."

நான் பிடித்துக்கொண்டேன். முடிச்சை அவிழ்க்காமல், அதற்கு மேலேயே வைத்து, வாய்க்குள் முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டே நறுக்கினாள். முடி கீழே இறங்கியதும் காதுக்குப் பின்னால் இருந்தது எங்கள் இருவர் கண்ணுக்கும் தெரிந்தது. எலுமிச்சம்பழத்தில் பாதி அளவுக்குச் சிவந்த வீக்கம். "அய்யோ, என் ராசா!" என்றாள். கொண்டையை முடிச்சோடு மஞ்சள் துணியில் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, பையனைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள்.

அன்று சாயங்காலமே ஈப்போவில் ஆப்பரேஷன் நடந்தது. இன்னும் ஒரு நாள் கழித்துக் கொண்டு வந்திருந்தால் எங்கள் கையில் இருந்திருக்காது என்று அங்குள்ள காது டாக்டர் சொன்னாராம். பிள்ளை பிழைத்துவிட்டான்.

அந்த மஞ்சள் துணி மூட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் எக்ஸ்ரே அறைக்கே கொண்டு வந்தேன். என்சிக் ரசாலி அது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். படம் வைக்கும் அறையில்தான் ஈரம் படாது என்று சொல்லி, அங்கே தன் கையாலேயே ஓர் ஆணி அடித்து மாட்டினார். அது சாமி பொருள், யாரும் தொடாதீர்கள் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தொன்பது நாள் அது அங்கே தொங்கியது.

தைப்பூசத்தன்று பிரிஞ்சாங் கோயிலுக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். குமரேசன் தலையில் கட்டுப் போட்டு அப்பா தோளில் உட்கார்ந்திருந்தான். மூட்டையை அவன் கையில் கொடுத்தேன். பூசாரி அதை வாங்கி முருகன் காலடியில் வைத்து முடிச்சை அவிழ்த்தார். மீதி முடியைக் கட்டைச் சுற்றிப் பதமாக மழித்துவிட்டார்கள். பாக்கியம் எனக்கும் விபூதி வைத்துவிட்டாள். பழையபடி கும்பிடவில்லை, கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

கட்டுப் பிரித்த பிறகு செவிச் சோதனை செய்தார்கள். வலது காதில் கேட்கும் திறன் பெரும்பகுதி போயிருந்தது. ஒரு நாள் தாமதத்தாலா என்று காது டாக்டரிடம் நானே போய்க் கேட்டேன். "மாதக்கணக்காகவே உள்ளே சீழ் இருந்திருக்கும். முன்னாடியே போயிருக்கலாம். சொல்ல முடியாது," என்றார். அந்தச் "சொல்ல முடியாது" இன்னும் என்னோடுதான் இருக்கிறது. ஆற்றிக்கொள்ள நான் முயலவில்லை.

அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருடம் வேலை பார்த்தேன். என்சிக் ரசாலிக்குப் பிறகு அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், சறுக்கிய இடத்தை யானை மறக்கக் கூடாது. என் மேசையின் மேல் டிராயரில் சீப்பு, எண்ணெய், ரிப்பன், கொண்டை ஊசி எல்லாம் வைத்திருந்தேன். தலைப் படத்துக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையின் முடியையும் நானே அவிழ்த்தேன், எடுத்து முடித்ததும் நானே பின்னிவிட்டேன். வேண்டுதல் முடியோடு வந்த தாய்மாரிடம் முதலில் பாக்கியம் கதையைச் சொல்வேன். ஒருத்திகூட மறுத்ததில்லை. எந்தப் பக்கம் படுத்தபோது அழுதான் என்றும் படிவத்தில் எழுதுவேன். கீழே ஈப்போவில் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். தர்ஷினி, உங்கள் கணினிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடிந்தால் நல்லது.

இனி அந்த கிளினிக்குக்கு வருகிறேன். கேமரா பார்த்து முடிந்து, மருந்து எழுதிக்கொண்டே தர்ஷினி அந்தக் குழந்தையின் அப்பாவிடம், "அண்ணே, அடுத்த தடவ பாப்பாவுக்கு முடிய பின்னியே கொண்டாங்க. இந்த கேமராவுக்கு அவுக்கத் தேவையில்ல," என்றாள். அவர் கழுத்தைத் திருப்பி, இடது காதை அவள் பக்கம் கொடுத்துக் கேட்டுக்கொண்டார்.

"இருக்கட்டும்மா," என்றார். "காது வலின்னா மொதல்ல முடிய அவுத்துரணும்னு எங்கம்மா சொல்லி வளத்துட்டாங்க."

மருந்தை வாங்கிக்கொண்டு, மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவர் கிளம்பினார். வெளியே காய்கறி லோரி நின்றது. நான் பின்னாலேயே போய், "குமரேசா!" என்று கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. நான் நின்றது அவனுக்கு வலது பக்கம். சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் நின்று மறுபடி கூப்பிட்டேன்.